நான்கு வழிச்சாலையில் மட்டும் சூடேறும் கார்: எஞ்சின் ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை நாகர்கோவில் சென்றுவரும் உங்கள் பத்து வயதுப் பெட்ரோல் கார் ஊருக்குள் எந்தத் தொல்லையும் தருவதில்லை. நான்கு வழிச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் நாங்குநேரியை நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. வண்டியை நிறுத்தியதும், ரேடியேட்டரிலிருந்து விரிந்து வரும் தண்ணீரைத் தாங்கும் ரெசர்வ் டேங்க் குமிழிட்டு வழிகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் அதே டேங்கில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. குறைந்ததை வீட்டு போர் தண்ணீரை ஊற்றி ஈடுசெய்து வந்திருக்கிறீர்கள். முதலில் போன பட்டறையில், எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார்கள், குணமில்லை. இரண்டாவது பட்டறையில் டேங்கில் வரும் குமிழைப் பார்த்து, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் உள்ள பாகத்துக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். எஞ்சின் ஏன் சூடாகிறது என்று நீங்கள் கேட்டிருந்தாலும், பெருஞ்செலவுக்குத் தலையசைப்பதற்கு முன் அந்த வேலை தேவைதானா என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, திருநெல்வேலியில் பல ஆண்டுகளாகக் கார்களைப் பழுது பார்த்து வருகிறேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் இதுதான் பழுது என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். நீங்கள் தந்த விவரங்களின்படி ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது முதல் சந்தேகமாக இருக்கக் கூடாது. உப்பு படிந்து பாதி அடைபட்ட ரேடியேட்டரும், அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடியும் சேர்ந்தாலே நீங்கள் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் வந்துவிடும். தெர்மோஸ்டாட்டை எடுத்தது அந்தக் குறையைக் கூட்டியிருக்கலாமே தவிரக் குறைத்திருக்காது.

இந்தப் பழுதில் முதலில் கவனிக்க வேண்டியது, எந்த நேரத்தில் சூடேறுகிறது என்பது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் பயன்படுகிறது. ஏறத்தாழ அதே அளவு புகைக்குழாய் வழியாகவும், மீதம் பெரும்பாலும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 90-ஐத் தொடும்போது, காற்றை விலக்கிக்கொண்டு போவதற்கு மட்டும் மூன்று மடங்குக்கும் மேலான ஆற்றல் தேவைப்படுகிறது. டயர் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் சக்கரத்துக்கு வேண்டிய மொத்த ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டும். அதற்கேற்ப ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் பெருகும். பாதி அடைபட்ட ரேடியேட்டர் ஊருக்குள் வண்ணார்பேட்டை நெரிசலில் எழும் சிறிய வெப்பத்தைச் சமாளித்துவிடும். நெடுஞ்சாலையில் எழும் பெரிய வெப்பத்துக்கு முன் தோற்றுவிடும். ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியை எதிர்த்து வீசும்போது அதே 90 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் இன்னும் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே போகும்போது சூடாகி, திரும்பும்போது சூடாகாமல் இருந்தால் அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

உங்கள் நிலை தலைகீழாக இருந்திருந்தால், அதாவது ஓடும்போது நன்றாக இருந்து, ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஏசி போட்டதும் முள் ஏறினால், ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ், வயர் இணைப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்த்திருப்பேன். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போனால், தெர்மோஸ்டாட் திறக்காமல் மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். முள் ஏறுவதும் இறங்குவதுமாக அலைபாய்ந்தால், தண்ணீர் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. உங்கள் வண்டி ஊருக்குள் ஏசியுடன் சீராக ஓடுவதால் ஃபேன் வேலை செய்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மேலும் 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைத் துளைத்துக்கொண்டு போகும். அங்கே ஃபேனுக்குப் பெரிய வேலை கிடையாது.

இனி தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன போர் தண்ணீர்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. நம் மாவட்டத்தில் தாமிரபரணித் தண்ணீரோடு ஒப்பிட்டால் போர் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மிக அதிகம். ராதாபுரம், திசையன்விளை போன்ற தென்கிழக்குப் பகுதிகளில் அது நாவிலேயே தெரியும். இந்தத் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் சிதைந்து, கரையாத கார்பனேட்டாக மாறிச் சுவரில் படிகின்றன. வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவேதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. எங்கே உலோகம் மிகச் சூடாக இருக்கிறதோ, அதாவது ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதையில், அங்கேதான் முதலில் படியும். இந்தப் படிவின் வெப்பங்கடத்தும் திறன் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் படிவுகூடப் பெருந்தடையாகும். மற்றொரு பக்கம், உப்புத் தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கிறது. அரிபட்ட தூளும் பெயர்ந்த படிவும் சேர்ந்து, ரேடியேட்டரின் குறுகிய தட்டைக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. கடற்கரைக் கிராமங்களிலிருந்து வரும் வண்டிகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில, வேறிடத்தில் ஹெட் கேஸ்கட்டை மாற்றிய பிறகும் சூடு தணியாமல் என்னிடம் வந்தவை. ரேடியேட்டரை மாற்றி, எஞ்சினின் தண்ணீர்ப் பாதையைக் கழுவியதும் குணமாயின.

நம் ஊரில் பனி உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் பலர். வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீர்தான் கூலன்ட் கலவையைவிடச் சற்று மேலானது என்பது உண்மையே. ஆனால் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை, அழுத்தம் இல்லாத நிலையிலேயே 107 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். வெறும் தண்ணீர் 100-லேயே கொதித்துவிடும். அதைவிட முக்கியமானது, கூலன்ட்டில் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள்கள். பனி உறையாத நம் ஊருக்குக் கூலன்ட் வேண்டியது அவற்றுக்காகத்தான்.

அடுத்து தெர்மோஸ்டாட். எடுத்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், எஞ்சின் குளிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது மூடியபடி சிக்கியிருந்தால், எடுத்ததும் சூடு தணியும் என்பது உண்மை. ஆனால் மூடிச் சிக்கிய தெர்மோஸ்டாட் ஊருக்குள்ளும் சூடேற்றியிருக்கும். உங்கள் வண்டியில் அப்படி நடக்கவில்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. 82 அல்லது 88 டிகிரி அளவில் அது ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது; அதே நேரத்தில், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அந்த வகை எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிப் போகும். நெடுஞ்சாலையில் சூடு கூடும். உங்கள் எஞ்சின் இந்த வகைதானா என்பதை, புதிதாக வாங்கும் தெர்மோஸ்டாட்டின் அடிப்பகுதியில் சுருள்வில்லுடன் இன்னொரு தட்டு இருக்கிறதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைப்பதில்லை என்று சிலர் விளக்குவார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. ஓட்டம் கூடினால் வெப்பப் பரிமாற்றமும் பொதுவாகக் கூடத்தான் செய்யும். காரணம் எதுவானாலும், எஞ்சினைத் தயாரித்தவர்கள் குறித்த டிகிரி அளவிலேயே ஒரு புதிய தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்ட நெடுநேரம் எடுத்துக்கொள்ளும், பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். போடுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் வெப்பமானியோடு அதையும் தொங்கவிட்டுச் சூடாக்கி, அதில் பொறித்திருக்கும் எண்ணுக்கு அருகில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரெசர்வ் டேங்க் வழிவதையும் காலையில் குறைந்திருப்பதையும் நீங்கள் கெட்ட அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி, மூடி ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் நடப்பதுதான். சூடாகும்போது தண்ணீர் விரிந்து, மூடியின் அழுத்த வால்வைத் தள்ளிக்கொண்டு டேங்குக்கு வரும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். உங்கள் வண்டியில் காலையில் டேங்க் இறங்கியிருப்பதால், உள்ளே வெற்றிடம் உண்டாகித் தண்ணீர் திரும்பப் போகிறது என்று கொள்ளலாம். வழிந்து கீழே போன அளவுக்கு டேங்க் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைந்துகொண்டிருந்தால், அந்த வாயு ஆறிய பிறகும் உள்ளே அடைபட்டிருக்கும். நீராவியைப்போல் அது மறுபடி நீராகிவிடாது. அப்போது டேங்க் நிறைந்தே நிற்கும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும், காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை (எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்க் குழாய்) பிடித்தால் விறைப்பாக இருக்கும். உங்கள் விவரம் இதற்கு எதிர்ப்புறமாக இருப்பதால்தான் ஹெட் கேஸ்கட் என் முதல் சந்தேகம் ஆகவில்லை. ஆனாலும் இதை முடிவான ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; கேஸ்கட்டில் மிகச் சிறிய கசிவு இருந்தால் இரண்டும் கலந்தும் வரலாம்.

மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று, ‘பார்’ என்ற அழுத்த அளவில் எண் பொறித்திருக்கும். 1.1 பார் அழுத்தம் நிற்கும்போது வெறும் தண்ணீரின் கொதிநிலையே 120 டிகிரியைத் தொடும். மூடியின் ரப்பர் தடித்தோ வெடித்தோ போனால் அந்த அழுத்தம் நிற்காது. தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து டேங்குக்குப் பாயும். இரண்டாவது பட்டறையில் பார்த்த குமிழ் இந்தக் கொதிப்பாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. சூடான எஞ்சினில் டேங்கில் வரும் குமிழை மட்டும் வைத்துக்கொண்டு, அது நீராவியா, உள்ளே அடைபட்டிருந்த காற்றா, கேஸ்கட் வழியாக வரும் புகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு அடையாளம் போதாது என்றுதான் சொல்கிறேன். அதே எண்ணுள்ள புதிய மூடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். அதிக எண்ணுள்ளதைப் போட்டால் நல்லதென்று எண்ணிப் போடாதீர்கள். பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அதைத் தாங்காது.

கேஸ்கட்டை உறுதியாகச் சோதிக்கும் வேலையை, இரவு முழுவதும் நின்று ஆறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும். காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ரெசர்வ் டேங்கைப் பார்த்து ஏமாறாமல், ரேடியேட்டரிலேயே வாய்வரை தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாத வண்டியானால், அழுத்தம் தாங்கும் டேங்கின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடியை மாட்டாமல் ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடங்கள் உற்றுக் கவனியுங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழ் வந்து நின்றுபோனால் அது அடைபட்டிருந்த காற்று. தண்ணீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும்போது குமிழ் இடைவிடாமல் வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினால், அது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. குளிர்ந்த தண்ணீர் கொதிக்க வழியில்லை என்பதால் இங்கே குழப்பத்துக்கு இடமில்லை. இன்னொரு காலையில் மூடியை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, முதல் ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடே ஏறாத நிலையில் அது கல்லைப்போல் விறைத்தால் அதுவும் கேஸ்கட்டையோ ஹெட்டில் விரிசலையோ காட்டும்.

இதற்கு மேல், ரேடியேட்டர் வாயில் வைத்துச் செய்யும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. தண்ணீரின் மேலிருக்கும் காற்றில் எரிபுகையின் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். மாறினால் ஐயமில்லை, ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும். மாறாவிட்டால் கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் வண்டிக்கு நெடுஞ்சாலையில்தான் சூடேறுகிறது. முழு பாரத்தில் மட்டும் வாய்திறக்கும் நுண்கசிவு, நின்ற இடத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது அகப்படாமல் போகலாம். ஆகவே சாலையில் ஓட்டிச் சூடேற்றிய பிறகும் ஒருமுறை, மூடியைத் திறக்கும் அளவுக்கு எஞ்சின் ஆறிய உடனே, இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கைபம்பால் அழுத்தம் ஏற்றி, கால்மணி நேரத்தில் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும், சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) சோதனையும் துணைக்கு வரும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு மிகுதி.

பலரும் பயந்துபோகும் வேறு சில அடையாளங்கள் அவ்வளவு உறுதியானவையல்ல. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய பசை போன்ற படிவு இருந்தால் உடனே கேஸ்கட் என்பார்கள். மழைக்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடி முழுச் சூட்டை எட்டாத வண்டியிலும், தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியிலும், உள்ளே சேரும் ஈரமே அப்படிப் படியும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் வரும் எண்ணெய் முழுவதுமே வெளிறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மார்கழிக் காலையில் புகைக்குழாயில் வெண்புகை சிறிது வருவதும் இயல்பு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் நடுப்பகலில் வெண்புகை அடர்ந்து வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

ரேடியேட்டரைச் சோதிப்பதற்கு வருகிறேன். பேட்டரி விளக்கைக் கொண்டு முதலில் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் ஏசி கண்டென்சரும் பின்னால் ரேடியேட்டரும் நெருங்கி நிற்கும். இடையில் சேரும் குப்பை வெளியே தெரியாது. பிசான அறுவடையின்போது சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கச் சாலைகளில் காயப்போட்ட நெல்லின் தூசியும் வைக்கோல் துரும்பும் இந்த இடைவெளியில் சென்று அப்பிக்கொண்ட வண்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்றுப்போகும் வழியே அடைபட்டுவிடும். உட்பக்க அடைப்பைக் கண்டுபிடிக்க, தொடாமல் வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி போதும். எஞ்சின் சூடாகி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, ரேடியேட்டர் முகத்தைப் பல இடங்களில் அளந்தால், தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் நோக்கிச் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரெனக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், அளக்கும் இடங்களில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம். விரலையும் துணியையும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சின் சுற்றைக் கூட்டும்போது ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் அடைபட்டாலும், ஹோஸ் ஊறிப்போய் வலுவிழந்தாலும், வாட்டர் பம்ப் இழுக்கும் வேகத்துக்குத் தண்ணீர் வராமல் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். அதிக வேகத்தில் மட்டும் சூடேறும் வண்டிகளில் இது அடிக்கடி தப்பிவிடும் காரணம். வாட்டர் பம்பின் இறக்கைகள் உப்பால் அரிபட்டுப் போவதும் உண்டு. பம்ப் உடலிலுள்ள சிறு துளையின் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை இருந்தால் அதன் சீல் போய்விட்டது. பிரேக் பிடித்தபடியே உரசுவது, கிளட்ச் நழுவுவது, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபடுவது ஆகியவையும் நெடுஞ்சாலையில் சூட்டைக் கூட்டும். ஆனால் அவற்றோடு இழுவைக் குறைவும் சேர்ந்து தெரியும், நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ரேடியேட்டர் அடைபட்டிருப்பது உறுதியானால் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. பழைய பித்தளை ரேடியேட்டரில் மேல் தொட்டியைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வார்கள். இப்போதைய மெல்லிய அலுமினியக் குழாய்க்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் அது ஒத்துவராது. கடும் அமிலம் ஊற்றிக் கழுவினால் படிவோடு அலுமினியமும் போகும். புதிய ரேடியேட்டர் மாட்டுவதற்கு முன், எஞ்சின் பாதையை டிஸ்டில்ட் வாட்டரால் தெளிவாக வரும்வரை கழுவி, வண்டியின் கையேட்டில் குறித்த வகைக் கூலன்ட்டை நிரப்ப வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள்; நிறத்துக்கென்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. நிரப்பும்போது உள்ளே காற்று நின்றுவிட்டால் நல்ல எஞ்சினும் சூடேறும். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, எஞ்சினை ஓட்டியபடியே மெதுவாக நிரப்ப வேண்டும். வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ பாளையங்கால்வாயிலோ ஊற்றிவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் ஆடுமாடும் குடித்துவிடும், சிறுநீரகம் கெட்டு இறக்கும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. கேனில் அடைத்து, உரிய முறையில் அப்புறப்படுத்தும் பட்டறையில் கொடுங்கள்.

இவையெல்லாம் முடியும்வரை நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தவிர்க்கவே முடியாமல் போய் முள் ஏறினால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச்சூட்டிலும் முழுக்காற்றிலும் வையுங்கள். அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் தண்ணீர் தீர்ந்துவிட்டது அல்லது ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள்; உடனே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். ஆவி பறந்தாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும் அப்படியே செய்யுங்கள். அடுத்த ஊர் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டாதீர்கள். தண்ணீர் தீர்ந்த நிலையில் வெப்பம் அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் நிற்பதால் முள் இறங்கிக்கூடக் காட்டலாம். அதை நம்பி ஓட்டியவர்கள்தான் எஞ்சினையே இழந்தவர்கள். முக்கால்மணி நேரமாவது ஆறும்வரை மூடியில் கைவைக்காதீர்கள். அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் மூடி திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சினின்மேலோ உள்ளேயோ பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிந்து சுருங்கும் உலோகம். ஒரு பக்கம் மட்டும் திடீரெனக் குளிர்ந்தால் வளையும் அல்லது வெடிக்கும்.

சோதனைகளெல்லாம் ஹெட் கேஸ்கட்டையே காட்டினால், தயங்காமல் வேலையைக் கொடுங்கள். ஆனால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பை நேர்விளிம்புக் கம்பியும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் அளவு வளைவைத்தான் அனுமதிப்பார்கள். உங்கள் எஞ்சினுக்குரிய எண் கையேட்டில் இருக்கும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமப்படுத்துதல்) செய்ய வேண்டும். அதற்கும் எல்லை உண்டு, எல்லை மீறினால் ஹெட்டையே மாற்ற வேண்டியதுதான். அங்கேயே அழுத்தச் சோதனை செய்து விரிசல் இல்லையென்றும் உறுதி செய்துகொள்ளலாம். ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட்டுகள் பல எஞ்சின்களில் இருக்கின்றன. அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறித்த வரிசையில் படிப்படியாக இறுக்குகிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள். அப்படி நின்று பார்ப்பதை எந்த நல்ல மெக்கானிக்கும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். கேஸ்கட் போனதற்கே அடைபட்ட ரேடியேட்டர் காரணமாக இருந்திருக்கலாம். ஆகவே ஹெட் வேலை செய்தாலும் மேலே சொன்ன தண்ணீர், மூடி, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஆகியவற்றை விட்டுவிட முடியாது. விட்டால் புதிய கேஸ்கட்டும் அதே வழியில் போகும்.

வேலை முடிந்தபின் சரிபார்க்க, டாஷ்போர்டுக்குக் கீழுள்ள சாக்கெட்டில் மாட்டி மொபைலில் வாசிக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றைக் கடன் வாங்கியாவது பொருத்துங்கள். பல கார்களில் முள், ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுவதற்கும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், அது அசையும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். ஸ்கேனர் உண்மை டிகிரியைக் காட்டும். வள்ளியூர்வரை 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சமநிலச் சாலையில் அளவு 85-க்கும் 98-க்கும் இடையே நிலையாக நின்றால் நன்று. ஊருக்குள் 90-இல் இருந்துவிட்டு, நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வெப்பம் வெளியேறுவதில் இன்னும் குறை இருக்கிறது. வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டிய கட்டம் அது. முதல் ஒரு வாரம், எஞ்சின் ஆறியிருக்கும் ஒவ்வொரு காலையிலும் ரேடியேட்டர் மட்டத்தையும் டேங்க் மட்டத்தையும் பார்த்துக் குறித்துவையுங்கள். முதலிரண்டு நாள்களில் சிறிது குறைந்து பின் நின்றுவிட்டால் அது வெளியேறிய காற்றின் இடம். தொடர்ந்து குறைந்தால், அந்தக் குறிப்போடு மறுபடி எழுதுங்கள்.